பக்கத்து வீட்டில் போதை விற்கிறார்கள்: சாட்சி சொல்ல முடியாத குடும்பங்கள்

2025 செப்டம்பர் 13 அன்று செகந்திராபாத் பழைய போவின்பள்ளியில் இயங்கிவந்த ஒரு தனியார் பள்ளிக்குள், தெலங்கானாவின் போதை ஒழிப்புச் சிறப்புப் படையான ‘ஈகிள்’ சோதனைக்குப் போனது. பிள்ளைகள் படிக்கும் அதே கட்டடத்தின் வேறு அறைகளில் அல்ப்ரஸோலம் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். முழுதாகத் தயாரானதும் பாதி தயாரானதுமாக ஏழு கிலோவுக்கு மேல் சிக்கியது. இருபது லட்சத்துக்கு மேல் ரொக்கமும் அகப்பட்டது. மனப்பதற்றத்துக்கு மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையில் இருக்கும் இந்த மருந்தை, தெலங்கானாவில் கள்ளில் கலந்து விற்கிறார்கள். அதே ஆண்டு ஜூலையில் கூக்கட்பள்ளிப் பகுதியில் கலப்படக் கள் குடித்துப் பலர் உயிரிழந்திருந்தார்கள்.

போவின்பள்ளிக்குப் பக்கத்தில்தான் திருமுல்கேரி. சுற்றிலும் காரகானா, பிக்கெட், லால் பஜார், ஆல்வால். இந்தப் பகுதிகளில் பிள்ளை வளர்க்கும் எந்தக் குடும்பத்துக்கும் அந்தச் செய்தி வேறெங்கோ நடந்ததாக இருந்திருக்காது. அந்தக் கட்டடத்தைச் சுற்றி வாழ்ந்தவர்கள் உள்ளே நடந்ததை அறியாமலே இருந்திருக்கலாம். ஆனால் சில்லறைப் போதை வியாபாரம் பூட்டிய அறைக்குள் நடப்பதில்லை. பான் கடை ஓரத்திலும், கட்டி முடிக்காத வீட்டின் மாடிப்படியிலும், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னாலும் எல்லாரும் பார்க்க நடக்கிறது. யார் விற்கிறார்கள், எந்தப் பையன் கொண்டுபோய்க் கொடுக்கிறான், எந்த வண்டியில் வருகிறது என்பதெல்லாம் தெருவுக்குத் தெரியும். அப்படியிருந்தும் ஏன் ஒருவராலும் வாய் திறக்க முடியவில்லை? அந்த வாய்ப்பூட்டைத் திறக்கச் சட்டமும் காவல்துறையும் ஊரும் இதுவரை என்ன செய்தன, எங்கே தவறின? இந்தக் கட்டுரை ஆராய்வது இதைத்தான்.

இடமும் சரக்கும்

செகந்திராபாத் 1806-இல் பிரிட்டிஷ் படைகளுக்காக உருவான பாளைய (கன்டோன்மென்ட்) நகரம். சென்னைப் படையோடு வந்த தமிழ்ச் சிப்பாய்களும், அவர்களுக்குப் பின்னால் வந்த ஒப்பந்தக்காரர்கள், எழுத்தர்கள், வண்டிக்காரர்கள், சமையல்காரர்களும் இங்கேயே தங்கிப்போனார்கள். 1862-இல் மெகபூப் கல்லூரியை நிறுவிய சோமசுந்தரம் முதலியார் அந்த மரபில் வந்தவர். பாளைய வாழ்வின் மையங்களில் ஒன்றாக இருந்த திருமுல்கேரியில் இன்றும் ராணுவத்தின் அகன்ற சாலைகளுக்கும் மதில்களுக்கும் நடுவே பஸ்திகள் எனப்படும் நெருக்கமான எளியோர் குடியிருப்புகள் இருக்கின்றன. தெலுங்கும் தமிழும் உருதுவும் ஒரே சந்தில் கேட்கும்.

இங்கே குறைகளைச் சொல்லப் போவதற்கான இடமே சிக்கலானது. தெருவிளக்கும் சாக்கடையும் பாளைய வாரியத்தின் பொறுப்பு. காவல் நிலையம் நகரக் காவல்துறையின் கீழ் வருகிறது. கஞ்சாவைப் பிடிக்கும் அதிகாரம் கலால் துறைக்கும் உண்டு, ‘ஈகிள்’ படைக்கும் உண்டு. வாரியத்துக்கு 2015-க்குப் பிறகு தேர்தலே நடக்கவில்லை. 2023-இல் அறிவிக்கப்பட்ட தேர்தலும் ரத்தானது. தன் பெயர் வெளியே வராமல் தனக்காகப் பேச ஒரு வார்டு உறுப்பினர் இருந்தால், பயந்த குடும்பத்துக்கு அவரே முதல் கதவு. இந்தப் பகுதியில் அந்தக் கதவு பல ஆண்டுகளாகச் சாத்திக் கிடக்கிறது.

சரக்கு வரும் வழி எல்லாருக்கும் தெரிந்ததே. ஆந்திரத்தின் பாடேறு, சிந்தப்பள்ளி மலைகளிலும் ஒடிசாவின் மல்கான்கிரியிலும் விளையும் கஞ்சா சாலை வழியாக ஐதராபாத்துக்கு வருகிறது. இங்கிருந்து மகாராஷ்டிரத்துக்கும் போகிறது. ‘ஆபரேஷன் பரிவர்த்தனா’ என்ற பெயரில் ஆந்திரக் காவல்துறை ஆயிரக்கணக்கான ஏக்கர் கஞ்சாப் பயிரை அழித்தது. 2022 பிப்ரவரியில் அனகாபள்ளி அருகே சுமார் இரண்டு லட்சம் கிலோ கஞ்சாவைத் தீயிட்டது. அதன் பிறகும் நகரத் தெருக்களில் பொட்டலம் கிடைக்காமல் போகவில்லை. சரக்கின் உருவமும் மாறிக்கொண்டே இருக்கிறது: சிறு குப்பிகளில் ஹஷிஷ் எண்ணெய், மிட்டாய்த் தாளில் சுற்றிய கஞ்சா சாக்லேட். 2024 ஜனவரியில் ரங்காரெட்டி மாவட்டம் கொத்தூரில் அரசுப் பள்ளி மாணவர்கள் வகுப்பில் விநோதமாக நடந்துகொண்டதைக் கண்டு ஆசிரியர்கள் விசாரித்தபோது, பக்கத்துக் கடையில் அந்தச் சாக்லேட் விற்பது தெரியவந்தது.

இந்தியாவில் எத்தனை பேர் இந்த வலையில் இருக்கிறார்கள் என்பதற்கு எய்ம்ஸ் மருத்துவமனையின் போதைச் சிகிச்சை மையம் 2019-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு கணக்குத் தருகிறது. ஓராண்டுக்குள் கஞ்சா, பாங்கு முதலியவற்றைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடி, அபின் வகைகளைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 2.26 கோடி. இந்த எண்கள் பயன்படுத்துவோரைப் பற்றியவை. அவர்களோடு ஒரே வீட்டில் வாழ்பவர்களையும், விற்பவரின் பக்கத்து வீட்டில் வாழ்பவர்களையும் இந்தக் கணக்கு சேர்க்கவில்லை. ஐதராபாத்தில் போதை என்றதும் செய்தித்தாள்கள் 2017-இல் திரைத்துறையினரை விசாரித்ததையோ, 2022-இல் ஒரு கேளிக்கை விடுதியில் நடந்த சோதனையையோதான் நினைவுகூர்கின்றன. பஸ்தியில் வாழும் தாய்க்கு அந்தத் தலைப்புச் செய்திகளில் இடமே இல்லை.

மிரட்டல் வரும் வழிகள்

மிரட்டல் என்றால் கத்தியைக் காட்டுவது என்று நினைக்கிறோம். பெரும்பாலும் அந்த அளவுக்குப் போக வேண்டிய அவசியமே கும்பலுக்கு வருவதில்லை. “பாப்பா டியூஷன் முடிஞ்சு எட்டு மணிக்குத்தானே வருது அக்கா?” என்ற ஒரு விசாரிப்பு போதும். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி இரவெல்லாம் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால் போதும். மரியாதையோடு வரும் மிரட்டலைக் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்க முடியாது. “இதில் மிரட்டல் எங்கே இருக்கிறது?” என்று கேட்டால் பதில் சொல்லத் தெரியாது.

இரண்டாவது வழி கடன். முதலில் சும்மா கொடுக்கிறார்கள்; பிறகு “அப்புறம் தா” என்கிறார்கள். பையன் பேரில் கணக்கு ஏறுகிறது. கடனைத் தீர்க்க அவனையே கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறார்கள். வழியில் போலீஸ் பிடித்துச் சரக்கு போய்விட்டால் அந்தச் சரக்கின் விலையும் அவன் கணக்கில்தான் சேரும். பிறகு வசூலுக்கு வீட்டுக்கே வருகிறார்கள். அம்மாவின் தாலியும் அப்பாவின் பி.எஃப். பணமும் போகின்றன. அயர்லாந்தில் போதைக்கு ஆளானவர்களின் குடும்பங்களோடு வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் அனுபவம் இது: கடனை அடைத்ததால் தொல்லை நிற்பதில்லை. இந்தக் குடும்பம் கொடுக்கும் என்று தெரிந்துகொண்டு அடுத்த கணக்கோடு வருகிறார்கள்.

மூன்றாவது, பிள்ளைகளை வேலைக்கு எடுப்பது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பையனைப் போலீஸ் சந்தேகப்படாது. பிடித்தாலும் பெரிய தண்டனை இல்லை. அவனுக்குக் கிடைப்பது செல்போனும் பிரியாணியும் ‘அண்ணன் ஆள்’ என்ற பெயரும். நான்காவது, வீட்டையே எடுத்துக்கொள்வது. “ரெண்டு நாள் இந்தப் பை இங்க இருக்கட்டும்” என்று தனியாக இருக்கும் கிழவியிடம் சொன்னால் அவரால் மறுக்க முடியாது. பை சிக்கினால் சட்டத்தின் கண்ணில் அது அவருடைய பை.

இவையெல்லாம் சேர்ந்து ஒரு தெருவின் நடமாட்டத்தையே மாற்றிவிடுகின்றன. பெண்கள் சுற்றுவழியில் போகிறார்கள். மாலைக்குப் பிறகு பிள்ளைகள் விளையாட வருவதில்லை. வசதி உள்ளவர்கள் வீடு மாறுகிறார்கள். காலியாகும் வீட்டுக்குக் குறைந்த வாடகையில் வருபவர் யார் என்பதைக் கும்பலே முடிவு செய்யத் தொடங்குகிறது. 2021 செப்டம்பரில் சைதாபாத் சிங்கரேணி காலனியில் ஆறு வயதுச் சிறுமி கொடூரமாகக் கொல்லப்பட்டபோது, அங்கே வாழ்ந்தவர்கள் தெருவில் அமர்ந்து கேட்ட கேள்விகளில் ஒன்று, காலனியில் கஞ்சாவும் சாராயமும் தாராளமாகக் கிடைப்பதை இத்தனை நாள் யாரும் ஏன் தடுக்கவில்லை என்பது. அதன் பிறகுதான் மாநில அரசு கஞ்சாவுக்கு எதிரான நடவடிக்கையைத் தீவிரமாக்கியது. 2022 பிப்ரவரியில் ஐதராபாத் நகரக் காவல்துறை போதைத் தடுப்புக்கெனத் தனிப் பிரிவைத் தொடங்கியது. ஒரு குழந்தையின் உயிர் போன பிறகே பெற்றோர்களின் குரல் அரசின் காதில் விழுந்தது.

ஒரு கிலோவுக்குக் கீழே

பேச முடியாமல் இருப்பவர்களைக் கோழைகள் என்று சொல்வது எளிது. அவர்கள் போடும் கணக்கைச் சட்டப் புத்தகத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால் அந்தக் கணக்கு சரி என்பது புரியும்.

1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கையில் இருக்கும் அளவைப் பார்த்தே தண்டனையை வகுக்கிறது. கஞ்சாவில் ஒரு கிலோவுக்குக் குறைவானது ‘சிறிய அளவு’: அதிகபட்சம் ஓராண்டு சிறை. 20 கிலோவுக்கு மேல் ‘வணிக அளவு’: 10 முதல் 20 ஆண்டுகள். இடையில் இருந்தால் பத்தாண்டு வரை. ஜாமீனுக்கான கடும் நிபந்தனைகள் முக்கியமாக வணிக அளவுக்கே பொருந்தும். பொட்டலத்துக்கு ஐந்து, பத்து கிராம் என்று விற்பவன் ஒரே நேரத்தில் கையில் ஒரு கிலோவுக்கு மேல் வைத்திருக்க மாட்டான். ஆகவே ஒரு தெருவையே நடுங்க வைப்பவன் சட்டத்தின் தராசில் மிக இலேசானவன். பெரும்பாலும் சில நாள்களிலோ வாரங்களிலோ ஜாமீனில் அதே தெருவுக்குத் திரும்பி வருகிறான். தன்னைப் போட்டுக்கொடுத்தது யார் என்று யோசிக்க உள்ளே அவனுக்கு வேண்டிய நேரம் கிடைத்திருக்கும்.

தகவல் தருபவரைச் சட்டம் மறக்கவில்லை. தனக்குத் தகவல் எங்கிருந்து வந்தது என்று சொல்லும்படி எந்த அதிகாரியையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது இச்சட்டத்தின் 68-ஆம் பிரிவு. ‘ஈகிள்’ படையின் 1908, மத்திய அரசு 2024-இல் தொடங்கிய ‘மானஸ்’ உதவி எண் 1933, தமிழ்நாட்டின் 10581 ஆகியவற்றில் பெயர் சொல்லாமலே தகவல் தரலாம். இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் காகிதத்தில் மறைத்த பெயரைத் தெரு ஊகித்துக் கண்டுபிடித்துவிடும். அந்த மாடிப்படி எந்த ஜன்னலிலிருந்து தெரியும், நேற்று யார் சண்டை போட்டார்கள், யார் வீட்டு வாசலில் சீருடைக்காரர் நின்று விசாரித்தார் என்று வைத்து ஒரு மணி நேரத்தில் ஆளைச் சொல்லிவிடுவார்கள். ஊகம் தவறினால் சம்பந்தமே இல்லாத குடும்பம் அடி வாங்கும்.

அடுத்தது சாட்சிக் கையெழுத்து. சோதனை நடக்கும்போது அந்தப் பகுதியில் வாழும் மரியாதைக்குரிய இருவரையோ அதற்கு மேற்பட்டவர்களையோ அழைத்து அவர்கள் முன்னிலையில் செய்ய வேண்டும் என்பது பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்திலும் இருந்தது; 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் தொடர்கிறது. எழுத்து மூலம் அழைத்தும் காரணமின்றி மறுப்பது குற்றம். இந்த விதியின் நோக்கம் நியாயமானது: காவலர்களே சரக்கை வைத்துவிட்டுப் பொய் வழக்குப் போடாமல் இருக்க அக்கம்பக்கத்தார் பார்வை வேண்டும். ஆனால் விளைவைப் பாருங்கள். விற்பவனுக்கு மிக அருகில் வாழ்பவர், அவன் கண்ணெதிரே கையெழுத்துப் போட்டு, பிறகு நீதிமன்றக் கூண்டில் ஏறி அவனை அடையாளம் காட்ட வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவருக்கான நியாயமும் சாட்சியின் உயிரும் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன. சாட்சிகள் பிறழ்வதும், வழக்கு கீழே விழுவதும், விழுந்த வழக்கு கும்பலின் வலிமைக்குச் சான்றாகத் தெருவில் பேசப்படுவதும் இதனால்தான்.

எட்டாத பாதுகாப்பு

சாட்சிகளைக் காக்க இந்தியாவில் ஒரு திட்டம் இருக்கிறது. மகேந்தர் சாவ்லா வழக்கில் 2018 டிசம்பர் 5 அன்று உச்ச நீதிமன்றம் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, நாடாளுமன்றம் சட்டம் இயற்றும்வரை அதுவே சட்டம் என்று அறிவித்தது. மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு. காவல் உதவி ஆணையரோ துணைக் கண்காணிப்பாளரோ ஐந்து வேலை நாள்களில் தர வேண்டிய அச்சுறுத்தல் அறிக்கை. உயிருக்கு ஆபத்து முதல் தொல்லை, மிரட்டல் வரை மூன்று வகைப் பிரிவு. வீட்டுக்குக் கேமராவும் பாதுகாப்புக் கதவும், நெருங்கிய ரோந்து, தற்காலிக வீடு மாற்றம், அடையாளம் மறைத்தல் என்று செய்யக்கூடியவற்றின் பட்டியலும் அதில் உண்டு. புதிய நடைமுறைச் சட்டத்தின் 398-ஆம் பிரிவு ஒவ்வொரு மாநிலமும் இத்தகைய திட்டத்தை அறிவிக்க வேண்டும் என்கிறது.

படிக்க நன்றாக இருக்கும் இந்தத் திட்டம் எந்தக் குற்றங்களுக்குப் பொருந்தும்? 2018-ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி மரண தண்டனை, ஆயுள் தண்டனை, ஏழாண்டும் அதற்கு மேலும் சிறை விதிக்கத்தக்க குற்றங்களுக்கும், பெண்களுக்கு எதிரான சில குற்றங்களுக்கும் மட்டுமே. ஒரு கிலோவுக்குக் குறைவான கஞ்சாவோடு பிடிபட்டவனுக்கு எதிராகச் சாட்சி சொல்பவர் இந்த வட்டத்துக்கு வெளியே நிற்கிறார். கொலை வழக்கின் சாட்சிக்குக் குடை பிடிக்கும் சட்டம், தன் தெருவில் பொட்டலம் விற்பதைச் சொன்னவரை நனைய விடுகிறது. பெரிய கடத்தல்காரன் எங்கோ நெடுஞ்சாலையில் பிடிபடுகிறான். அவனுக்கு எதிரான சாட்சி அவன் பக்கத்து வீட்டுக்காரராக இருப்பது அரிது. சில்லறை விற்பவனுக்கோ சாட்சி எப்போதும் பக்கத்து வீட்டுக்காரர்தான். பாதுகாப்பு எங்கே அதிகம் தேவையோ அங்கே அது கிடைப்பதில்லை என்பதே இந்த ஆய்வில் எனக்குப் படும் முதன்மையான குறை.

இந்தக் குறையைத் தாண்ட இருக்கும் சட்டத்திலேயே சில வழிகள் உண்டு. அவை போதிய அளவு பயன்படுவதில்லை. போதைப்பொருளை விற்கவோ கொண்டுசெல்லவோ சிறாரைப் பயன்படுத்தினால் ஏழாண்டு வரை சிறை என்கிறது 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 78-ஆம் பிரிவு. சிறாருக்குப் போதைப்பொருள் கொடுத்தாலும் அதே தண்டனை என்கிறது 77-ஆம் பிரிவு. உயிரைப் பறிப்பேன் என்றோ வீட்டைக் கொளுத்துவேன் என்றோ மிரட்டுவதும், பொய்ச் சாட்சி சொல்லும்படி மிரட்டுவதும் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏழாண்டு வரை தண்டனைக்குரியவை. தெருவில் பையன்களை வைத்து விற்பவன் மீது சிறிய அளவுக் கஞ்சா வழக்கோடு இந்தப் பிரிவுகளையும் சேர்த்தால், சாட்சி பாதுகாப்பு வட்டத்துக்குள் வந்துவிடுவார். உண்மையில் நடந்த குற்றத்தை முழுமையாகப் பதிவு செய்யச் சொல்வது மட்டுமே இது. ஒரு காவல் ஆய்வாளரின் பேனா முனையில் இருக்கிறது அந்தக் குடும்பத்தின் பாதுகாப்பு.

உள்ளே தள்ளினால் தீருமா?

அரசுகள் பெரிதும் நம்புவது முன்தடுப்புக் காவலை. தெலங்கானாவில் 1986-ஆம் ஆண்டுச் சட்டம், தமிழ்நாட்டில் ‘குண்டர் சட்டம்’ என்று அறியப்படும் 1982-ஆம் ஆண்டுச் சட்டம். இரண்டும் போதைக் குற்றவாளியை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்க வழி செய்கின்றன. சாட்சியே தேவையில்லை என்பதால், பயந்த தெருவுக்கு இது உடனடி ஆறுதல் தருகிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் தெலங்கானா இந்த அதிகாரத்தை வழக்கமான ஆயுதமாகவே பயன்படுத்துவதை உச்ச நீதிமன்றம் 2023 செப்டம்பரில் அமீனா பேகம் வழக்கிலும், 2024 மார்ச்சில் நெனாவத் புஜ்ஜி வழக்கிலும் கடுமையாகக் கண்டித்தது. குற்றத்தை நிரூபிக்கும் வேலையைத் தவிர்க்கக் குறுக்கு வழி தேடினால், ஓராண்டு முடிந்ததும் அவன் திரும்பி வருவான். தெருவோ அப்படியே இருக்கும்.

பழைய ஐதராபாத்தின் தூல்பேட்டை இதற்குப் பாடம். பிள்ளையார் சிலைக்கும் காற்றாடிக்கும் பேர்போன அந்தப் பகுதியில் தலைமுறைகளாகக் குடும்பா என்னும் நாட்டுச் சாராயம் காய்ச்சினார்கள். தெலங்கானா அமைந்த பிறகு அரசு அதை ஒழிக்க முனைந்தது. காய்ச்சுவதை விட்டவர்களுக்கு மறுவாழ்வுக்கென இரண்டு லட்சம் ரூபாய் உதவித் திட்டமும் கொண்டுவந்தது. குடும்பா குறைந்தது. அது விட்ட இடத்தில் கஞ்சா வந்து உட்கார்ந்தது. 2024 ஜூலையில் கலால் துறை ‘ஆபரேஷன் தூல்பேட்’ தொடங்கி வீடு வீடாகச் சோதனை செய்தது. பிழைப்புக்கு வேறு வழி அமையாமல் ஒரு சரக்கை மட்டும் துரத்தினால் அடுத்த சரக்கு வரும். சோதனைக் காலம் முடியும்வரை விற்பவர்கள் ஒதுங்கியிருந்து திரும்புவார்கள். நடுவில் தகவல் சொன்ன குடும்பத்துக்கு ஒதுங்கப் போக்கிடம் இல்லை.

ஊர் சேர்ந்தால்

தனி ஆளாகச் சொல்ல முடியாததை ஊரே சேர்ந்து சொன்னால்? தெலுங்கு மண்ணில் அதற்குப் பெரிய முன்னுதாரணம் உண்டு. நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் அறிவொளி வகுப்புக்கு வந்த பெண்கள் ரோசம்மாவின் தலைமையில் சாராயக் கடையை மூட வைத்தார்கள். 1992-இல் அது மாநிலமெங்கும் பரவியது. 1993 அக்டோபர் 1 முதல் ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. 1995-இல் முழு மதுவிலக்கே வந்தது. அந்தப் பெண்களுக்கு எதிரே இருந்தது ஏலம் எடுத்து உரிமம் பெற்ற கடை. எல்லாரும் சேர்ந்து போய் மறிக்க ஒரு வாசல் இருந்தது. இன்றைய பொட்டல வியாபாரத்துக்கு வாசலும் இல்லை, பலகையும் இல்லை; விற்பவன் பெரும்பாலும் அதே தெருவில் பிறந்தவன், யாரோ ஒருவருடைய சித்தப்பா மகன். அதனால் தூபகுண்டாவின் வழியை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் ‘பத்துப் பேர் ஒரே நேரத்தில் சொன்னால் எவரையும் தனியே பழிவாங்க முடியாது’ என்ற அதன் பாடம் இன்றும் செல்லும்.

தட்டிக்கேட்பவர் தனித்து நின்றால் என்ன ஆகும் என்பதைத் தமிழ்நாடு 2025 பிப்ரவரி 14 அன்று மயிலாடுதுறை அருகே முட்டம் கிராமத்தில் கண்டது. இரண்டு இளைஞர்கள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். கள்ளச்சாராய விற்பனையைத் தட்டிக்கேட்டதுதான் காரணம் என்று குடும்பத்தாரும் ஊராரும் சொன்னார்கள். முன்விரோதம் என்றது காவல்துறையின் முதல் விளக்கம். தொடர்ந்து மிரட்டுபவனுக்கும் தட்டிக்கேட்பவனுக்கும் இடையில் முன்விரோதம் இல்லாமலா இருக்கும்? அந்த ஒரு சொல், புகாரின் பொதுநலத்தை அழித்து அதை இரண்டு பேரின் சண்டையாக்கிவிடுகிறது.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஆஞ்சலா டாசன் தன் வீட்டு வாசலில் நடந்த போதை விற்பனையைப் பற்றிக் காவல்துறைக்குத் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் சொன்னார். 2002 அக்டோபர் தொடக்கத்தில் அவர் வீட்டின் மீது பெட்ரோல் குண்டு வீசப்பட்டது. அப்போதும் குடும்பம் இடம்பெயரவில்லை. அக்டோபர் 16 அன்று கதவை உடைத்துப் பெட்ரோல் ஊற்றி வீடு கொளுத்தப்பட்டது. ஆஞ்சலாவும் ஐந்து பிள்ளைகளும் இறந்தார்கள்; கணவர் கார்னல் சில நாள்களில் மருத்துவமனையில் இறந்தார். கொளுத்தியவர் அக்கம்பக்கத்து இளைஞர். இத்தகைய குடும்பங்களையும் பகுதிகளையும் காப்பதற்கென 2006-இல் அந்தக் குடும்பத்தின் பெயரிலேயே கூட்டாட்சிச் சட்டப் பிரிவு வந்தது. புகார் வந்ததும் விற்பவனைப் பிடிப்பது பாதி வேலை, சொன்னவரைக் காப்பது மறுபாதி என்பதை அந்த நாடு ஏழு உயிர்களைக் கொடுத்துக் கற்றது.

அயர்லாந்தின் டப்ளின் நகரம் இரண்டு பாடங்களைத் தருகிறது. 1980-களின் தொடக்கத்தில் ஹெராயின் பரவியபோது தொழிலாளர் குடியிருப்புகளின் பெற்றோர்கள் 1983-இல் ‘கவலைகொண்ட பெற்றோர்கள்’ என்ற இயக்கமாகத் திரண்டார்கள். பொதுக்கூட்டத்தில் விற்பவர்களின் பெயரைச் சொல்லி, அவர்கள் வீடு நோக்கி நடந்து, வெளியேறச் சொன்னார்கள். பல குடியிருப்புகள் அமைதி பெற்றன. ஆனால் தெருவே நீதிபதியாகும்போது எளியவன்தான் முதலில் அடிபடுவான். 1996-இல் அதே நகரில் போதைக்கு அடிமையாகி, எச்.ஐ.வி. தொற்றோடு நலிந்திருந்த ஒருவரைக் கும்பலாகச் சேர்ந்து அடித்துக் கொன்றார்கள். குழந்தை கடத்த வந்தவர் என்ற வதந்திக்கே வழிப்போக்கர்கள் அடித்துக் கொல்லப்பட்ட நம் நாட்டில் அந்த ஆபத்து இன்னும் பெரிது.

இரண்டாவது பாடம் நமக்கு நேரடியாக உதவும். 2013-இல் குடும்ப ஆதரவு அமைப்பும் அந்நாட்டுக் காவல்துறையும் சேர்ந்து, போதைக் கடன் மிரட்டலுக்கு உள்ளாகும் குடும்பங்களுக்கென ஒரு ஏற்பாட்டைத் தொடங்கின. ஒவ்வொரு காவல் வட்டாரத்திலும் இதற்கென ஓர் ஆய்வாளர். குடும்பம் வழக்குப் பதிவு செய்யாமலே அவரைச் சந்தித்து, எவ்வளவு ஆபத்து, பணம் கொடுக்கலாமா, என்ன செய்யலாம் என்று ஆலோசனை கேட்கலாம். புகார் தருவதா வேண்டாமா என்பது பிறகு குடும்பம் எடுக்கும் முடிவு. தகவல் வேறு, சாட்சி வேறு, உதவி வேறு என்று அங்கே மூன்றையும் பிரித்துவிட்டார்கள். நம் காவல் நிலையங்களில் மூன்றும் ஒரே மேசையில், எல்லார் காதிலும் விழும்படி நடக்கின்றன.

கைதியா, நோயாளியா?

மிரட்டப்படும் குடும்பத்துக்குள்ளேயே பல நேரம் போதைக்கு ஆளான பிள்ளை இருக்கிறான். காவல் நிலையத்துக்குப் போனால் மகனும் உள்ளே போவான் என்ற பயமே தாயின் வாயைக் கட்டுகிறது. இந்தப் பயத்துக்கும் சட்டத்தில் விடை உண்டு: போதைக்கு அடிமையானவர் பயன்படுத்திய குற்றத்துக்கோ சிறிய அளவுக் குற்றத்துக்கோ உள்ளாகும்போது, தானே முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால் அவர் மீது வழக்கு நடத்தக் கூடாது என்கிறது 64-ஏ பிரிவு. இந்தப் பிரிவு காவல் நிலையச் சுவரிலும் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் நாட்டு மொழிகளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெற்றோரில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை, போதையிலிருந்து மீள்பவரோடு அவர் குடும்பத்துக்கும் சிகிச்சையில் இடம் உண்டு என்பதை நடைமுறையில் காட்டியது. ஐதராபாத் எர்ரகட்டா மனநல மருத்துவமனைக்குக் கலப்படக் கள் கிடைக்காமல் நடுங்கியபடி நோயாளிகள் வருவதுண்டு. அவர்களைக் கைப்பிடித்து அழைத்து வருவதும் குடும்பம்தான். வெளியே காத்திருக்கும் அந்த மனைவியிடமும் தாயிடமும் “யாராவது உங்களை மிரட்டுகிறார்களா, கடன் இருக்கிறதா?” என்று கேட்கும் ஒரு சமூகப் பணியாளர் ஒவ்வொரு மையத்திலும் தேவை. காவல் நிலையம் தவிர்த்து இந்தக் கேள்வி எழக்கூடிய இடம் அதுதான்.

செய்ய வேண்டியவை

முதலாவது, சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தைத் தண்டனையின் அளவோடு கட்டிப்போடக் கூடாது. மிரட்டலின் அளவே அளவுகோலாக வேண்டும். 398-ஆம் பிரிவின் கீழ் மாநிலங்கள் தம் திட்டங்களை வகுக்கும்போது, போதைப்பொருள் சட்டத்தின் எல்லாக் குற்றங்களையும், சிறிய அளவு உட்பட, சேர்க்க முடியும்; சேர்க்க வேண்டும்.

இரண்டாவது, தெருக்காரரின் கையெழுத்தை நம்பி வழக்குக் கட்டுவதைக் குறைக்க வேண்டும். சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளிப் பதிவு செய்வதைப் புதிய நடைமுறைச் சட்டத்தின் 105-ஆம் பிரிவு கட்டாயமாக்கியிருக்கிறது. அந்தப் பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்பினால், பொய் வழக்கிலிருந்து குற்றம் சாட்டப்பட்டவருக்கும் காப்பு. சாட்சிகளை அந்தத் தெருவுக்கு வெளியிலிருந்து அழைத்துவந்தால் அக்கம்பக்கத்தாருக்கும் காப்பு.

மூன்றாவது, தகவல் வந்த மறு மணி நேரத்தில் சீருடையோடு தகவல் சொன்னவர் வாசலில் போய் நிற்கும் வழக்கம் முடிய வேண்டும். டப்ளினைப் போல, பெண் அதிகாரி ஒருவர் உட்பட, மிரட்டலுக்கென்றே பொறுப்பான அதிகாரிகள் ஒவ்வொரு மண்டலத்திலும் இருக்க வேண்டும்; காவல் நிலையத்துக்கு வெளியே சந்திக்க அவர்களுக்கு இடம் வேண்டும்.

நான்காவது, கூட்டுப் புகாருக்கு வழி. குடியிருப்போர் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு ஆகியவை அமைப்பின் பெயரில் தரும் புகாரை ஏற்று, எழுத்தில் பதில் தர வேண்டும். திருமுல்கேரி போன்ற பாளையப் பகுதிகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் திரும்ப வர வேண்டியதும் இதனோடு சேர்ந்ததே. ஐந்தாவது, மீட்பு. கும்பலின் சொத்தை முடக்கப் போதைப்பொருள் சட்டத்திலேயே தனி அத்தியாயம் இருக்கிறது. அப்படி முடக்கிய பணத்தில் ஒரு பங்கு அந்தத் தெருவின் விளக்குக்கும் விளையாட்டுத் திடலுக்கும் சிகிச்சைக்கும் திரும்ப வேண்டும்.

போதையை ஒழிப்பதில் பொதுமக்கள் ஒத்துழைக்க வேண்டும் என்று ஒவ்வொரு ஆண்டும் போதை எதிர்ப்பு நாளான ஜூன் 26-இல் மேடைகளில் கேட்கிறார்கள். கேட்பது நியாயம். ஆனால் கும்பலுக்கு மிக அருகில் வாழும், மிகக் குறைந்த வசதியுள்ள குடும்பத்திடமே மிகப் பெரிய துணிச்சலைக் கேட்கும் ஏற்பாட்டை வைத்துக்கொண்டு அதைக் கேட்பது நியாயமில்லை. முதலில் அந்தக் குடும்பத்தின் பக்கம் அரசு வந்து நிற்கட்டும். சொன்னால் நம் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று ஒரு தாய் நம்பும் நாளில், தகவலுக்கு விளம்பரமே தேவைப்படாது. தெருவுக்கு எல்லாம் தெரியும். அதைச் சொல்லும் வழியைப் பத்திரமானதாக்குவது அரசின் கடமை.